ஜடேஜாவை அனுப்பியாச்சு. ரெய்னாவுக்கு வாயே திறக்காதவங்க எல்லாம் இப்ப வாங்க

ஜே_ஸ்டாண்டு | 15 நவம்பர் 2025, காலை 11.20

காபி கூட இன்னும் குடிக்கல. போனைத் திறந்தா ஐபிஎல் அறிக்கை. ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு, சஞ்சு சாம்சன் நம்ம சென்னை சூப்பர் கிங்ஸுக்கு. சஞ்சு அதே 18 கோடியோட வர்றார். ஜடேஜாவோட 18 கோடியை 14ஆ குறைச்சு அனுப்பியிருக்காங்க. நகையைக் கழட்டி வெச்சுக்கிட்டு பொண்ணை அனுப்புற மாதிரி.

12 சீசன் ஆடின ஆளுய்யா. 2012 ஏலத்துல டெக்கான் டீமும் நாமளும் 20 லட்சம் டாலர் உச்சவரம்பு வரைக்கும் போய் முட்டி நின்னு, அதுக்கு மேல ரகசியமா தொகை எழுதிக் கொடுத்து தூக்கிட்டு வந்தோம். 2023 அகமதாபாத் பைனல் ஞாபகம் இருக்கா? மழையில ஒரு நாள் தள்ளிப்போய், நடுராத்திரி தாண்டி, கடைசி 2 பந்துல 10 ரன். மோஹித் சர்மாவை நேரா ஒரு சிக்ஸ், அடுத்தது பைன் லெக் பக்கம் ஒரு போர். தோனி அவரைத் தூக்கி வெச்சுக்கிட்டாரே, அந்தப் போட்டோ இன்னும் எங்க வீட்டு பிரிட்ஜ் கதவுல இருக்கு.

பையன் ஆறாவது படிக்கிறான். போன மார்ச்சுல வாலாஜா ரோட்டு பிளாட்பாரத்துல பேரம் பேசி ஜடேஜாவோட 8ஆம் நம்பர் ஜெர்சி வாங்கிக் கொடுத்தேன். காலைல நியூஸ் கேட்டுட்டு, "அப்பா, இதை இனிமே போடலாமா கூடாதா?"ன்னான். பதில் தெரியல. பல்லு தேய்க்கப் போயிட்டேன்.

ஆனா இழை ஆரம்பிச்சது அழுறதுக்கு இல்ல. நம்ம டீம்னா குடும்பம், மூத்த ஆளுங்களை விட்டே கொடுக்காதுன்னு 2008லேர்ந்து பீத்திக்கிட்டு இருக்கோம். அந்தக் குடும்பத்துல 2022 ஏலத்துல நாம எடுக்காம விட்டு ரெய்னா வாசல்ல நின்னப்ப நம்மள்ல எத்தனை பேர் கேட்டோம்? அதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க.

நெல்லைச்சீமை | 15 நவம்பர், காலை 11.41

என்னவே இது, காலங்காத்தால ஒப்பாரி. டிரேடுன்னா, அதான் டீமுக்கு டீம் ஆளை மாத்திக்கிறதுன்னா, ஆட்டக்காரன் சம்மதம் வேணும். அவன் சரின்னு சொல்லாம ஒருத்தனும் அனுப்ப முடியாது. ஆளு சரின்னுட்டுதான் போயிருக்கான். நம்ம டீம் சிஇஓ காசி விஸ்வநாதனும் கஷ்டமான முடிவுதான், பேசித்தான் எடுத்தோம்னு சொல்லிட்டார். இதுல துரோகம் எங்கன இருந்துவே வந்துச்சு?

அப்புறம் விசுவாசம் விசுவாசம்னு பேசுதீங்களே, ஜடேஜா முதல்ல ஆடுனது எங்க? இதே ராஜஸ்தான். 2008ல கப்பு ஜெயிச்ச டீம்ல சின்னப்பய அவன். அந்த டீமுக்குத் தெரியாம வேற டீமுகிட்ட பேரம் பேசுனான்னு 2010 சீசன் பூரா தடை வாங்கினான். அதுக்குப் பொறவு கொச்சி டீம். அதுக்குப் பொறவுதான் நாம. 15 வருசம் கழிச்சு அதே வீட்டுக்கே போறான். நமக்கு முன்னாடியும் அவனுக்கு ஒரு கத இருந்துச்சுல்லா.

மூணாம்நம்பர் | 15 நவம்பர், மதியம் 12.05

இழையைத் திறந்தவருக்கு நன்றி. என் பேரே ரெய்னாவோட ஜெர்சி நம்பர் 3தான், பார்த்தாலே தெரியும் நான் எதுக்கு வந்திருக்கேன்னு.

எல்லாரும் 2022 ஏலத்தைப் பேசும்போது "ரெய்னா பார்ம்ல இல்ல"ன்னு ஒரு வரியில முடிச்சிடுறாங்க. சரி, பார்ம் இல்ல. 2021ல 12 மேட்ச்ல 160 ரன். நானே பார்த்தேன், ஷார்ட் பாலுக்கு உடம்பு ஒரு பக்கம் போச்சு, மட்டை ஒரு பக்கம் போச்சு. கடைசில அவருக்குப் பதிலா உத்தப்பாவை இறக்கினாங்க. அவர் டெல்லிக்கு எதிரா 63, பைனல்ல 15 பந்துல 31. கப்பு வந்துச்சு. ஒத்துக்கிறேன்.

அடுத்து பெங்களூர்ல ஏலம். ரெய்னா அடிப்படை விலை 2 கோடி. உத்தப்பா அடிப்படை விலையும் 2 கோடி. ரெண்டு பேரும் ஒரே செட். உத்தப்பா ரெய்னாவை விட ஒரு வயசு மூத்தவர். உத்தப்பா பேர் வந்ததும் நம்ம டேபிள்ல கை தூக்கினாங்க, 2 கோடிக்கே எடுத்தாங்க. அடுத்த செட்ல பிராவோ, அவர் ரெண்டு பேரையும் விட மூத்தவர், 4.40 கோடி கொடுத்து திரும்ப எடுத்தோம். அதனால வயசுன்னு யாரும் சொல்லாதீங்க.

ரெய்னா பேர் வந்தப்ப கேமரா நம்ம டேபிளுக்குத்தான் போச்சு. ஏலம் கேட்கிற அட்டையை யாரும் தொடல. எல்லாரும் பேப்பரைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. ஏலம் விடுறவர் ஒரு தடவை சுத்திப் பார்த்துட்டு, விற்கலைன்னு அடுத்த பேருக்குப் போயிட்டார். ரெண்டாம் நாள் அந்தப் பேரே திரும்ப வரல.

4,687 ரன். இந்தச் சீசன் மார்ச்ல தோனி தாண்டுற வரைக்கும் நம்ம டீமுக்கு அதிக ரன் அடிச்சவர் அவர்தான். பஞ்சாபுக்கு எதிரா 2014ல 25 பந்துல 87. முதல் 6 ஓவர்ல டீம் ஸ்கோர் 100. அந்த மேட்ச் தோத்தோம், அவர் ரன் அவுட் ஆகாம இருந்திருந்தா கதையே வேற. 2020 ஆகஸ்ட் 15, தோனி ரிட்டயர் ஆன அன்னைக்கே பின்னாடியே தானும் ரிட்டயர்னு போட்டவர்யா அவர். அந்த மாதிரி ஆளுக்கு 2 கோடி, அதுவும் ஒரே ஒரு கை.

எடுக்க வேணாம். எடுத்து ஆட வைக்கவும் வேணாம். ஏலத்துக்கு முன்னாடியே கூப்பிட்டு சேப்பாக்கத்துல ஒரு சாயந்திரம் வெச்சு மாலை போட்டு அனுப்பியிருக்கலாம்ல?

கணக்குப்பிள்ளை | 15 நவம்பர், மதியம் 12.48

உணர்ச்சி எல்லாம் சரி. நான் என் வேலையைப் பார்க்கிறேன்.

2022ல ஒரு டீம் ஆட்டக்காரங்களுக்குச் செலவு பண்ணக்கூடிய மொத்தப் பணப்பை 90 கோடி. நாலு பேரைத் தக்க வெச்சதுல 42 போயிடுச்சு. ஜடேஜா 16, தோனி 12, மொயின் அலி 8, ருதுராஜ் 6. மீதி 48ல ஒரு முழு டீம் கட்டணும். இதுல தீபக் சாஹருக்கு மட்டும் 14 கோடி. அந்த வருஷம் அவர் காயத்துல ஒரு மேட்ச் கூட ஆடல, அது வேற சோகம். இப்படி இறுக்கமான பையில ஒரு இடம்கிறது 2 கோடி மட்டும் இல்ல, 25 பேர்ல ஒருத்தர். அந்த இடத்துல உட்கார வெச்சு மரியாதை பண்ண முடியாது.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு. அந்தப் பட்டியல்ல முதல் ஆள் யாரு? ஜடேஜா, 16 கோடி. தோனி தானே இறங்கி ரெண்டாவதா நின்னார். அப்புறம் 2025க்கு பணப்பை 120 கோடி. ஜடேஜா 18, ருதுராஜ் 18, பதிரனா 13, தூபே 12, தோனி வெறும் 4. சர்வதேச ஆட்டத்தை விட்டு அஞ்சு வருஷம் ஆனவங்களை உள்ளூர் ஆட்டக்காரர் கணக்குல வைக்கலாம்கிற பழைய விதியைத் தூசி தட்டி எடுத்ததால வந்த 4 கோடி அது.

அதனால ஜடேஜாவுக்குப் பணத்துல இந்த டீம் குறையே வைக்கல. 37 வயசு அடுத்த மாசம். 31 வயசு விக்கெட் கீப்பர் பேட்ஸ்மேன் வர்றார். தோனிக்கு அப்புறம் கீப்பர் யாருங்கிற கேள்விக்கு அஞ்சு வருஷமா நாம பதில் தேடுறோம். கணக்கா பார்த்தா நானும் கையெழுத்து போட்டிருப்பேன்.

நீலக்கட்சி | 15 நவம்பர், மதியம் 1.10

குடும்பமாம் 😂 வாங்க, வரிசையில நில்லுங்க. எங்க மும்பைக்கு இது 2023 டிசம்பர் 15லயே நடந்துடுச்சு. அஞ்சு கப்பு வாங்கிக் கொடுத்த ரோஹித்தை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு அறிக்கை போட்டு இறக்கிட்டு ஹர்திக்கைக் கேப்டன் ஆக்கினாங்க.

நெல்லைச்சீமை | 15 நவம்பர், மதியம் 1.14

அதுக்குத்தானே சொந்த மைதானத்துலயே உங்க ஆளுங்க உங்க கேப்டனைக் கூச்சல் போட்டீங்க. 2024ல கடைசி இடம் வேற.

நீலக்கட்சி | 15 நவம்பர், மதியம் 1.16

2025ல கடைசி இடம் யாரு அண்ணாச்சி?

நெல்லைச்சீமை | 15 நவம்பர், மதியம் 1.17

...

மாடித்தோட்டம் | 15 நவம்பர், மதியம் 2.30

தம்பிங்களா, எல்லாரும் நிர்வாகத்தையே திட்டுறீங்க. கொஞ்சம் நம்ம பக்கமும் திரும்புவோம்.

2024 ஏப்ரல்ல கொல்கத்தா மேட்சுக்கு சேப்பாக்கம் போயிருந்தேன். ஜெயிக்க மூணே ரன்தான் வேணும். தூபே அவுட். அடுத்து யாருன்னு எல்லாரும் எழுந்து நிக்கிறோம். ஜடேஜா மட்டையை எடுத்துக்கிட்டு ரெண்டு அடி வெளியே வந்தார். கூட்டத்துல ஒரு சத்தம் எழும்புச்சு பாருங்க, ஏமாத்தச் சத்தம். அவர் சிரிச்சுக்கிட்டே திரும்பிப் போயிட்டார், பின்னாடி தோனி வந்தார். கொல்கத்தா டீம் ரஸ்ஸல் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டார், அவ்வளவு இரைச்சல். நானும்தான் கத்தினேன், தொண்டை கட்டி மறுநாள் பேச முடியல. வீட்டுக்கு வந்து ரீப்ளே பார்க்கும்போதுதான் உறைச்சுது. எல்லாருக்கும் அது தமாஷ். ஆனா தமாஷ் எதுக்கு எடுபடுதுன்னா, அந்த ஆளுக்கு நாம என்ன நினைக்கிறோம்னு நல்லாவே தெரிஞ்சிருக்கு.

அதுக்கு முந்தின வருஷமே அவர் சொல்லிட்டார், நான் மேல இறங்கினா எப்படா அவுட் ஆவான்னு காத்திருப்பாங்கன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். நம்ம டீம் ஆட்டக்காரன் அவுட் ஆனதும் சொந்த மைதானத்துல கைதட்டுறது உலகத்துல வேற எங்கயாவது நடக்குமா? 18 கோடி கொடுத்தா மட்டும் அது ஆறிடுமா? போறேன்னு அவரே சொல்லியிருந்தா நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஜே_ஸ்டாண்டு | 15 நவம்பர், மதியம் 2.44

அக்கா, இது வலிக்குது. நானும் அந்த மேட்ச்ல இருந்தேன். நானும் அதே சத்தம்தான் போட்டேன்.

மூணாம்நம்பர் | 15 நவம்பர், மாலை 3.02

2022 கேப்டன் கதையையும் சேர்த்துக்கோங்க. சீசனுக்கு ரெண்டு நாள் முன்னாடி, மார்ச் 24, ஜடேஜா கேப்டன். எட்டு மேட்ச், ரெண்டு வெற்றி. ஏப்ரல் 30 பதவியைத் திருப்பிக் கொடுத்துட்டார். அப்புறம் விலா எலும்புக் காயம்னு ஊருக்குப் போயிட்டார். இன்ஸ்டாகிராம்ல நம்ம டீம் பதிவு எல்லாம் காணாம போச்சு. அன்னைக்கே முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சோம். அடுத்த வருஷம் வந்து அந்த ரெண்டு பந்தை அடிச்சார். குடும்பத்துல சண்டை போட்டுட்டு கல்யாணத்துக்கு மட்டும் வந்து பந்தி பரிமாறுற பெரியப்பா மாதிரி.

நல்லூரான் | 15 நவம்பர், மாலை 4.15

நான் யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். சென்னை ஆதரவாளன்தான், முரளி 2008ல வந்த நாளில இருந்து. சென்னை மாப்பிள்ளை எண்டு நீங்கள் அவரைக் கொண்டாடினனீங்கள். ஆனால் மூண்டு சீசனிலை அவரும் வேற டீமுக்குப் போனவர், ஒருத்தரும் ஒப்பாரி வைக்கேல்லை.

நான் சொல்ல வந்தது லசித் மாலிங்கவைப் பற்றி. 2018 ஏலத்திலை அவரை ஒருத்தரும் எடுக்கேல்லை. மும்பையும் எடுக்கேல்லை. பிறகு மும்பையே கூப்பிட்டு, பந்துவீச்சு ஆலோசகரா வாங்கோ எண்டு கதிரை குடுத்தது. பந்து போட்டுக்கொண்டிருந்த கையிலை குறிப்புக் கொப்பி. மனுசன் வந்து இருந்தவர். அடுத்த ஏலத்திலை 2 கோடிக்குத் திரும்ப ஆட்டக்காரனா எடுத்தவை.

2019 ஹைதராபாத்திலை மும்பையோட நடந்த பைனல் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவருடைய மூண்டாவது ஓவரிலை 20 ரன் போட்டுது. வேற கப்டன் எண்டால் கடைசி ஓவரை வேற ஆளிட்டைக் குடுத்திருப்பான். ரோஹித் அவரிட்டைத்தான் குடுத்தவர். 9 ரன் வேணும். கடைசிப் பந்திலை 2. மெதுவா ஒரு யோர்க்கர், ஷர்துல் எல்பிடபிள்யூ. ஒரு ரன்னிலை தோல்வி. வொட்சன் முழங்காலிலை ரத்தம் வழிய 80 அடிச்சும் தோல்வி.

அண்டைக்கு நான் மஞ்சள் உடுப்போட இருந்து அழுதனான். ஆனால் உள்ளுக்கை ஒரு மூலையிலை சந்தோசம். வெளியிலை விட்ட ஆளை உள்ளுக்கை கூப்பிட ஒரு கதவைத் திறந்து வைச்சிருந்தவை. ரெய்னாவுக்கு அப்பிடி ஒரு கதிரை போட்டிருக்கலாம் எண்டதுதான் என்ரை எண்ணம்.

டிவிஷன்த்ரீ | 15 நவம்பர், இரவு 8.50

வேலை முடிச்சு இப்பதான் வந்து முழுசா படிச்சேன். "கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்"னு ஒருத்தர் எழுதினதைப் பார்த்ததும் சொல்லணும்னு தோணுச்சு.

நான் சென்னை லீக்ல கீழ் டிவிஷன்ல ஒரு கம்பெனி டீமுக்கு 11 வருஷம் ஆடினேன். பேர் வேணாம். ஓப்பனிங் பவுலிங், தேவைப்பட்டா ஆறாம் நம்பர்ல ஒரு இருபது முப்பது. ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கே கிரவுண்டுக்குப் போய் பிட்ச் மேல போடுற பாயை, மேட்டிங்கை, விரிக்க கூட ஒரு கை கொடுப்பேன். ஆணி அடிக்கிறதுல நான் ஸ்பெஷலிஸ்ட். ஓரத்துல இழுத்துப் பிடிக்காம அடிச்சா பந்து அந்த மடிப்புல பட்டு எகிறும், பேட்ஸ்மேன் பல்லு போயிடும்.

கடைசி சீசன்ல 34 வயசு. தோள்பட்டை கொஞ்சம் தகராறு. ஒரு ஞாயிறு வழக்கம்போல போனேன், மேட்டிங் விரிச்சேன், ஷூ மாட்டினேன். ஸ்கோரர் நோட்டுல பேர் எழுதிக்கிட்டிருந்தான். என் பேர் பன்னிரண்டாவதா இருந்துச்சு. எழுத்துப்பிழைன்னு நினைச்சேன். கேப்டன், நான் ஸ்லிப்ல நிக்கக் கத்துக்கொடுத்த பையன், அவன் டாஸுக்குப் போயிட்டு திரும்பி வர்ற வரைக்கும் என் பக்கம் பார்க்கவே இல்ல. செயலாளர் காருக்குள்ள உட்கார்ந்து போன் பேசிக்கிட்டிருந்தார். என்னோட இடத்துல ஒரு காலேஜ் பையன், நல்லா போடுவான், என்னை விட வேகம். அதுல எனக்குப் பிரச்சனையே இல்ல.

அன்னைக்கு முழுக்க தண்ணி தூக்கினேன். சாயங்காலம் கிரவுண்டு பாத்துக்கிற பெரியவர் டீ வாங்கிக் கொடுத்துட்டு, "இனிமே நீ சீக்கிரம் வர வேணாம் இல்ல?"ன்னு கேட்டார். அவர் ஒருத்தர்தான் என்கிட்ட வந்து சொன்னவர். அடுத்த வாரம் நான் போகல. எதுக்கு வரலன்னு ஒரு போன் வரல.

ரெய்னா கோடீஸ்வரர், நான் ஒண்ணுமில்லாதவன். ஆனா அந்த ஏலத்தை டிவில பார்த்தப்ப, அந்த டேபிள்ல எல்லாரும் பேப்பரைப் பார்த்துக்கிட்டிருந்தாங்களே, எனக்கு அந்தக் காருக்குள்ள போன் பேசிக்கிட்டிருந்த முகம்தான் தெரிஞ்சுது. ஜடேஜா விஷயத்துல உட்கார்ந்து பேசியிருக்காங்கன்னு சொல்றாங்க. அது உண்மைன்னா எனக்கு இந்த டிரேடுல கோபமே இல்ல.

மாடித்தோட்டம் | 15 நவம்பர், இரவு 9.05

தம்பி, அந்தப் பெரியவருக்கு என் கும்பிடு.

பழையபேப்பர் | 15 நவம்பர், இரவு 10.20

நண்பர்களே, தாமதமாக வருகிறேன். எல்லோரும் யானையைச் சுற்றி நின்று வாலையும் காதையும் பேசுகிறீர்கள். யானையைப் பற்றிப் பேசுவோம். தோனியின் 7ஆம் எண்.

2008 பிப்ரவரி 20. மும்பைக்குச் சச்சின், பெங்களூருக்கு திராவிட், கொல்கத்தாவுக்கு கங்குலி, பஞ்சாபுக்கு யுவராஜ் என நட்சத்திர ஆட்டக்காரர்கள் ஏலத்துக்கு முன்பே ஒதுக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுக்கு, அணியில் அதிக விலை போனவரை விட 15 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி. சென்னைக்கு அப்படி ஒதுக்கப்பட்டவர் யாருமில்லை. ஆகவே தோனிக்காக மும்பை ஏற்றும் ஒவ்வொரு ரூபாய்க்கும் சச்சின் கணக்கிலும் ஏறும், நமக்கு ஏறாது. 15 லட்சம் டாலரில் முடிந்தது. பாசத்தின் தொடக்கம் இந்த ஒரு விதியின் சந்து. அதில் எனக்கு வருத்தமில்லை, பெரும்பாலான திருமணங்களும் அப்படித்தான் தொடங்குகின்றன.

அந்தத் தோனியையே ஒரு அணி இறக்கியிருக்கிறது. நம் அணி தடையில் இருந்த காலத்தில், 2017 சீசனுக்கு முன் புனே அவரிடமிருந்து தலைமையைப் பிடுங்கி ஸ்மித்திடம் கொடுத்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வான்கடேயில் மும்பைக்கு எதிராக 26 பந்தில் 40 அடித்து அந்த அணியை இறுதி ஆட்டத்துக்கு அனுப்பினார். அதற்கு அடுத்த ஆண்டு சென்னை திரும்பியது, அவரும் திரும்பினார்.

இப்போது 2025 மார்ச் 28க்கு வாருங்கள். சேப்பாக்கத்தில் பெங்களூருக்கு எதிராக 197 துரத்துகிறோம். அஸ்வின் இறங்கிய பிறகு, ஒன்பதாவதாகத் தோனி வந்தார். 16 பந்தில் 30. 50 ரன் தோல்வி. 2008க்குப் பிறகு பெங்களூர் நம் மண்ணில் வென்ற முதல் ஆட்டம். ரெய்னாவின் 4,687ஐ அவர் கடந்ததும் அதே இரவுதான். தோற்ற ஆட்டத்தில், எதற்கும் உதவாத ஓட்டங்களில். முழங்கால் முன்போல் இல்லை, பத்து ஓவர் ஓடி ஆட முடியாது என்று பயிற்சியாளர் பிளெமிங் சில நாளில் வெளிப்படையாகவே சொன்னார்.

ரெய்னாவுக்குப் பார்ம் கேட்டோம். உத்தப்பாவுக்கும் அடுத்த ஆண்டு கேட்டோம். அஸ்வின் பத்து ஆண்டு கழித்து 9.75 கோடிக்கு வீடு திரும்பினார், மேற்கு மாம்பலத்துப் பிள்ளை. 9 ஆட்டம், 7 விக்கெட், நடுவில் வெளியே உட்கார வைத்தோம், ஆகஸ்ட் மாதம் ஐபிஎல்லே வேண்டாம் என்று அறிவித்துவிட்டார். ஜடேஜாவிடம் வயதைக் கேட்டிருக்கிறோம். எல்லோருக்கும் தராசு உண்டு. ஒருவருக்கு மட்டும், தராசை அவர் கையிலேயே கொடுத்து, நீங்களே நிறுத்துச் சொல்லுங்கள் என்று காத்திருக்கிறோம். இந்த அணியின் விசுவாசம் உண்மையானது, ஆனால் அது ஒருவர் பெயரில் எழுதிய பட்டா. மற்றவர்கள் எல்லாம் வாடகைக் குடித்தனம். ரெய்னா அந்த வீட்டில் பிறந்தவர் போல நடந்துகொண்டதால் நமக்கு அது மறந்துபோனது.

நெல்லைச்சீமை | 15 நவம்பர், இரவு 10.31

ஐயா, எல்லாம் சரி. தல மேல கை வைக்காதீங்க. அவர் இல்லேன்னா அந்த வீடே இல்லை.

பழையபேப்பர் | 15 நவம்பர், இரவு 10.36

நான் அதைத்தான் சொன்னேன் தம்பி.

கணக்குப்பிள்ளை | 15 நவம்பர், இரவு 10.52

ஐயா சொன்னதுக்கு ஒரு சின்னத் திருத்தம். அந்தப் பட்டாவுக்கு வாடகையும் வருது. 4 கோடிக்கு மைதானம் நிறையுது, நாடு பூரா எதிரணி மைதானமும் மஞ்சளாகுது. நிர்வாகம் பாசத்துல மட்டும் காத்திருக்கல. ஒரு ஆள் ஆடாம நின்னாலும் வருமானம் வர்ற வரைக்கும் எந்தக் கம்பெனியும் அவரைப் போகச் சொல்லாது. ரெய்னாவுக்கும் ஜடேஜாவுக்கும் ரசிகர் இருக்காங்க, ஆனா அவங்களுக்காக மட்டும் டிக்கெட் விற்காது. கொடூரமா இருக்கு, தெரியும்.

பார்சிலோனா மெஸ்ஸியையே வெச்சுக்க முடியல. 2021 ஆகஸ்ட்ல சம்பளத்தைப் பாதியா குறைக்க அவர் சம்மதிச்சும், லீக் வெச்ச சம்பள வரம்புக்குள்ள அடக்க முடியாம அனுப்பினாங்க. டிக்கெட் விக்கிற ஆளுக்கே அந்தக் கதி. பட்ஜெட்டைத் தாறுமாறா செலவு பண்ணினது நிர்வாகம், மேடையில நின்னு டிஷ்யூல கண்ணைத் துடைச்சது மெஸ்ஸி.

நீலக்கட்சி | 15 நவம்பர், இரவு 11.08

கிண்டல் இல்லாம ஒண்ணு சொல்றேன். 2021ல வார்னரை ஹைதராபாத் நடு சீசன்ல கேப்டன் பதவிலேர்ந்து தூக்கி, அப்புறம் டீம்லேர்ந்தே தூக்கினாங்க. 2016 கப்பு வாங்கிக் கொடுத்த ஆளு. கேலரில உட்கார்ந்து அந்த டீம் கொடியை ஆட்டிக்கிட்டிருந்தார். அடுத்த மாசமே டி20 உலகக் கோப்பைல 289 ரன், தொடர் நாயகன். பார்ம் போச்சுன்னு நிர்வாகம் சொல்றது எல்லா நேரமும் வேதவாக்கு இல்ல. ஜடேஜா உங்களுக்கு எதிராவே ஒரு நாள் ஆடிக் காட்டுவார், அன்னைக்கு இந்த இழையை மேல கொண்டு வருவேன்.

மட்டுறுத்துநர் | 15 நவம்பர், இரவு 11.30

சஞ்சுவின் ஊரையும் மொழியையும் வைத்து எழுதப்பட்ட மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ராஜஸ்தானில் 11 சீசன் ஆடி, அஞ்சு வருஷம் தலைமை தாங்கியவர் அவர். அங்கேயும் இதேபோல் ஒரு இழை ஓடிக்கொண்டிருக்கும். வருகிறவரை வாசலில் வைத்து வையாதீர்கள்.

மூணாம்நம்பர் | 16 நவம்பர், காலை 7.15

ராத்திரி தூங்கல. டிவிஷன்த்ரீ எழுதினதையே நினைச்சுக்கிட்டிருந்தேன். என் கோபம் எடுக்கலைங்கிறதுல இல்லன்னு இப்பதான் புரியுது. கூப்பிட்டுப் பேசினாங்களா இல்லையான்னு உள்ளே இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். நாம பார்த்தது அந்த டேபிள் மட்டும்தான். அதை நாலு வருஷமா பார்த்துக்கிட்டே இருக்கேன்.

ஜே_ஸ்டாண்டு | 16 டிசம்பர் 2025, இரவு 9.40

ஒரு மாசம் கழிச்சு என் இழையை நானே தூக்குறேன். அபுதாபி ஏலம் பார்த்தீங்களா? பிரசாந்த் வீர். உத்தரப் பிரதேசத்துப் பையன், 20 வயசு, இடது கை சுழல், கீழ இறங்கி அடிப்பான். அடிப்படை விலை 30 லட்சம். நாம எடுத்தது 14.20 கோடி.

ஜடேஜா அங்க வாங்குறது 14.

கணக்குப்பிள்ளை | 16 டிசம்பர், இரவு 9.52

கார்த்திக் சர்மாவுக்கும் அதே 14.20. சஞ்சுவுக்கு ஜடேஜா, கரன் ரெண்டு பேரையும் கொடுத்து, ஜடேஜா இடத்துக்கு ஒரு பையனை ஜடேஜா விலைக்கு மேலயே வாங்கியிருக்கோம். நான் போன மாசம் கையெழுத்து போட்டிருப்பேன்னு எழுதினேன். பேனாவை மூடி வெச்சிருக்கேன்.

நெல்லைச்சீமை | 16 டிசம்பர், இரவு 9.58

பையன் நல்லா ஆடுவாம்வே. அவன் மேல கண்ணு போடாதீங்க. பத்து வருசம் கழிச்சு அவனுக்கும் ஒரு இழை திறப்போம்.

மாடித்தோட்டம் | 16 டிசம்பர், இரவு 10.10

ஜே ஸ்டாண்டு தம்பி, உங்க பையன் கேட்டதுக்குப் பதில் சொன்னீங்களா?

ஜே_ஸ்டாண்டு | 16 டிசம்பர், இரவு 10.25

நான் சொல்லலக்கா. அவனே முடிவு பண்ணிட்டான். நேத்து தெருவுல ஆடும்போது அதையேதான் போட்டிருந்தான். பிளாட்பாரத்து ஸ்டிக்கர், நாலு தடவை துவைச்சதுல 8ல இடது பக்கம் உரிஞ்சு போச்சு. தள்ளி நின்னு பார்த்தா 3 மாதிரி இருக்கு.